‘பதுங்குகுழி எண்ணெய்’ என்று எழுதலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாத இதழில், ‘பங்கர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன?’ என்று கேட்டிருந்த மாணவர் ஒருவருக்குப் ‘பதுங்குகுழி’ என்று ஒரே சொல்லில் விடை தந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த அவசரத்துக்குத் தண்டனைபோல, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே சொல்லைப் பற்றியவையாக இருக்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் பங்கருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2020ஆம் ஆண்டு வாகாஷியோ கப்பலின் எண்ணெய் எங்கள் மொரீசியஸ் கரைக்கு வந்து சேர்ந்தபோது, என் கைக்குக் கிடைத்த ஒரு தமிழ்த் துண்டறிக்கையில் ‘பதுங்குகுழி எண்ணெய் கசிந்தது’ என்று அச்சிட்டிருந்தார்கள். கப்பலுக்குள் படைவீரர்கள் ஒளிந்திருந்தார்களா என்று வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். அப்போது சிரித்தேன். உங்கள் சென்ற மாத விடையைப் பார்த்தபின் துண்டறிக்கைதான் சரியோ என்று ஐயம் வந்துவிட்டது. (தமிழ் ஆசிரியை ஒருவர், மயேபூர்)

பதில்: ‘பங்கர் எண்ணெ’யைப் ‘பதுங்குகுழி எண்ணெய்’ ஆக்கிய துண்டறிக்கை தவறு, என் விடை பாதித் தவறு, உங்கள் பிள்ளைகள் கேட்ட கேள்வி முழுக்கச் சரி.

ஸ்காட்லாந்தில் 18ஆம் நூற்றாண்டில் பங்கர் என்ற சொல் குழியையோ அரணையோ குறிக்கவில்லை. மூடியைத் தூக்கினால் உள்ளே பொருள் வைக்கலாம், மூடினால் மேலே உட்காரலாம் என்னும்படி செய்த பெட்டி இருக்கையையே அங்கே பங்கர் என்றார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தின் மேலே தாத்தா பாய் விரித்துப் படுப்பார் அல்லவா, அதைச் சற்றுச் சிறிதாக எண்ணிப் பார்த்தால் போதும். இதற்கும் பெஞ்சு என்ற சொல்லுக்கும் உறவு இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். நம்முடைய ‘வங்கி’க்கு மூலமான சொல்லும், இத்தாலியில் பணம் மாற்றுவோர் முன்னால் போட்டிருந்த பலகையின் பெயர்தான். எனவே வங்கியும் பங்கரும் தூரத்துச் சொந்தமாக இருக்கக்கூடும்.

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்தபோது, கொதிகலன்களை ஒட்டி நிலக்கரியைக் கொட்டி வைக்கும் அறைகளுக்கு இந்தப் பெட்டியின் பெயர் போய்ச் சேர்ந்தது. அந்த அறைகளுக்குள் நின்று கரியை வாரி அடுப்பின் வாய்வரை கொண்டுவந்து சேர்ப்பதற்கென்றே தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஒரு பக்கத்துக் கரி மட்டும் குறைந்துபோனால் கப்பலே சாய்ந்துவிடும் என்பதால் இரு பக்கமும் சமமாகக் குறையும்படி பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலையே. பிறகு நிலக்கரி போய் எண்ணெய் வந்தது, அறை தொட்டியானது, பெயர் மட்டும் மாறவில்லை. அதன் பிறகு நடந்தது நம் இலக்கணத்துக்குப் பழக்கமான ஒன்று. ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரிலுள்ளவர்கள் சிரித்தார்கள் என்று பொருள் கொள்கிறோமே, அதே இடவாகுபெயர் முறையில், தொட்டியின் பெயர் தொட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க்கு ஆகிவந்தது. இன்று துறைமுகத்தில் ஒருவர் ‘பங்கர் எடுத்தாயிற்றா?’ என்று கேட்டால், கப்பல் எரிபொருள் நிரப்பிக்கொண்டுவிட்டதா என்றுதான் கேட்கிறார்.

வாகாஷியோவின் கதை இதை நன்றாக விளக்கும். அது எண்ணெய்க் கப்பல் அன்று. தானியம், தாது போன்றவற்றை மொத்தமாக ஏற்றிச் செல்லும் கப்பல். 2020 ஜூலை 25ஆம் நாள் புவேந்த் தேனி கடற்பகுதியில் பவளத்திட்டின் மீது ஏறி நின்றபோது அதில் சரக்கு எதுவும் இருக்கவில்லை. பிரேசிலை நோக்கி வெறுங்கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. ‘சரக்கே இல்லாத கப்பலிலிருந்து எப்படி எண்ணெய் வந்தது?’ என்று அப்போது பலரும் கேட்டார்கள். அதில் இருந்தது அந்தக் கப்பல் தன் பயணத்துக்காகக் கட்டிக்கொண்டுவந்த கட்டுச்சோறு. ஏறக்குறைய 3,900 டன் எரியெண்ணெய் தொட்டிகளில் இருந்தது. ஆகஸ்ட் 6 முதல் அதில் சுமார் 1,000 டன் கடலில் கலந்தது. கரும்புச் சோகையை வலைத்துணிக்குள் திணித்து, இடையிடையே வெற்றுப் புட்டிகளை வைத்துத் தைத்த மிதவைகளை மயேபூர்க் கரையில் நம் மக்கள் தள்ளியதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. சரக்காக ஏற்றிய எண்ணெய் சிந்தினால் ஒரு பன்னாட்டு ஒப்பந்தம். கப்பல் தனக்காக வைத்திருக்கும் எரியெண்ணெய் சிந்தினால் வேறொன்று. பின்னதற்குப் பெயரே பங்கர் ஒப்பந்தம்தான். 2001இல் எழுதப்பட்டு 2008 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அதில் நம் நாடும் உறுப்பினர். 1,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் இதற்கென்று காப்பீடு வைத்திருந்தே ஆக வேண்டும் என்கிறது அது. வாகாஷியோவுக்குப் பொருந்தியதும் இதுவே. அந்த ஒப்பந்தத்தின் பெயரை யாராவது ‘பதுங்குகுழி ஒப்பந்தம்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் இழப்பீடு கேட்டு மனுப் போடும் மீனவர் எந்த அலுவலகத்தில் போய் நிற்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நாம் நாள்தோறும் படிக்கும் பிரெஞ்சு நாளிதழ்களைப் பாருங்கள். கப்பலின் எரிபொருள் அறைக்கு அவர்கள் ‘சூட்’ என்பார்கள்; போர்க்காலக் கான்கிரீட் அரணுக்கு ‘பிளோக்கௌஸ்’ என்பார்கள். இரண்டையும் குழப்புவதில்லை. தமிழில் எண்ணெய்க்குக் ‘கப்பல் எரியெண்ணெய்’ என்றும், தொட்டிக்கு ‘எரிபொருள் தொட்டி’ என்றும் எழுதுங்கள். ஐயம் வரும்போது, பங்கர் என்ற பெயருக்குப் பின்னால் எந்த வினை வருகிறது என்று பாருங்கள். நிரப்பினார்கள், சிந்தியது, தீர்ந்தது என்று வந்தால் அது எண்ணெய். எண்ணெய்க்குள் யாரும் பதுங்குவதில்லை.

கேள்வி: சென்னையிலிருந்து பித்தளை விளக்குகளும் காவடிப் பொருள்களும் தருவித்து விற்கிறேன். கப்பல் முகவர் அனுப்பும் பட்டியலில் சரக்குக் கட்டணத்துக்குக் கீழே பங்கர் என்று தொடங்கும் ஒரு தனித் தொகை இருக்கிறது. அதுவும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. என் சரக்கை ஏதாவது கிடங்கில் பூட்டி வைத்ததற்கான வாடகையா இது? (வணிகர் ஒருவர், ரோஸ் ஹில்)

பதில்: கிடங்கு வாடகை இல்லை, எரிபொருள் விலையேற்றத்தில் உங்கள் பங்கு. எண்ணெய் விலை நிலையாக நிற்காது என்பதால் கப்பல் நிறுவனங்கள் அடிப்படைக் கட்டணத்தை ஒரு தொகையாகவும், எரிபொருள் விலையின் ஏற்ற இறக்கத்தை வேறொரு தொகையாகவும் பிரித்து வசூலிக்கின்றன. இதை ‘எரிபொருள் விலைச் சரிக்கட்டுத் தொகை’ என்று உங்கள் கணக்கேட்டில் எழுதிக்கொள்ளலாம். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரியெண்ணெயில் கந்தகம் 0.50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பன்னாட்டு விதி வந்தது. அதற்கு முன் 3.50 விழுக்காடு வரை இருக்கலாம். கந்தகம் குறைந்த எண்ணெய்க்கு விலை கூடுதல் என்பதால், அந்தச் சமயத்தில் உங்கள் பட்டியலிலும் இந்தத் தொகை பருத்திருக்கும்.

கேட்டுவிட்டீர்கள் என்பதால் ஒரு சுவையான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்ப் படகு கப்பலை அணைந்து நின்று குழாய் மாட்டி எண்ணெயை ஏற்றும்போது, எவ்வளவு வந்தது என்பதைப் பழைய முறையில் அளப்பது இப்படி: நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய எஃகு நாடாவைத் தொட்டியின் அளவுக்குழாய் வழியே இறக்கி, அது அடியைத் தொட்டதும் மேலே இழுத்து, எண்ணெய்ப் பசை எந்த எண் வரை ஒட்டியிருக்கிறது என்று படிப்பார்கள். அந்த ஆழத்தை அட்டவணையில் வைத்துக் கன அளவையும், வெப்பநிலையையும் அடர்த்தியையும் கணக்கிட்டு எடையையும் காண்பார்கள். இதில் ஏமாற்ற நினைப்பவர் எண்ணெயோடு அழுத்தக் காற்றைக் கலந்து அனுப்புவார். எண்ணெய் நுரைத்துப் பொங்க, நாடா கூடுதல் ஆழத்தைக் காட்டும். கையெழுத்துப் போட்டு, படகு போய், நுரை அடங்கியபின் பார்த்தால் பல டன் காணாமல் போயிருக்கும். உலகத் துறைமுகங்களில் இதற்குக் ‘கப்புச்சினோ பங்கர்’ என்று பெயர். நுரை பொங்க டம்ளரில் ஆற்றிக் கொடுத்த காபியின் அளவைக் கண்டு ஏமாந்தவர்களுக்கு இந்தப் பெயரின் அழகு விளங்கும். நாடாவில் குமிழி தென்பட்டால் அனுபவமுள்ள பொறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். சிங்கப்பூரில் 2017 முதல், எரியெண்ணெய் தரும் படகுகளில் எடையை நேரடியாக அளக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. நுரையால் அதை ஏமாற்றுவது எளிதன்று.

கேள்வி: பெல் மார் பக்கத்தில் ஒரு கால்ஃப் மைதானத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். விடிவதற்குள் எல்லாப் பங்கர்களிலும் மணலை வாரி விட்டு ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. மணல் பள்ளத்துக்கும் போர்க் குழிக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது? (வாசகர் ஒருவர், ஃபிளாக்)

பதில்: வயதில் மூத்தது உங்கள் பங்கர்தான். போர்க் குழிக்கு அந்தப் பெயர் பரவலானது 20ஆம் நூற்றாண்டில். கால்ஃபில் அது 1812ஆம் ஆண்டு செயிண்ட் ஆண்ட்ரூஸ் விதிகளிலேயே இடம்பெற்றுவிட்டது. புல்வெளிக்குக் கீழே மணலாக இருக்கும் ஸ்காட்லாந்துக் கடற்கரை நிலங்களில், காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் புல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பள்ளம் பறித்தன என்று ஒரு கதை உண்டு. ஆடுகள் பாதி, காற்று மீதி என்று நான் நம்புகிறேன். பெட்டிபோல் குழிந்த அந்த இடங்களுக்குப் பெட்டி இருக்கையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

உங்கள் தொழிலில் இந்தச் சொல்லுக்கு வரையறை மிகக் கறாரானது. பங்கர் என்றால் அதற்கெனத் தயார் செய்யப்பட்ட மணற்பரப்பு. கடலோரத்தில் தானாகக் கிடக்கும் மணலெல்லாம் பங்கர் ஆகாது. பங்கருக்குள் பந்து கிடந்தால், அடிப்பதற்கு முன் பந்தின் முன்னும் பின்னும் மட்டையால் மணலைத் தொடக் கூடாது. தொட்டால் தண்டமாக ஆட்டக்காரரின் கணக்கில் இரண்டு அடி கூட்டப்படும். 2019ஆம் ஆண்டின் விதித் திருத்தத்துக்குப் பிறகு, உள்ளே கிடக்கும் சருகையும் கல்லையும் அகற்றலாம். பந்தின் முன்னும் பின்னும் மணலைத் தொடும் தடை அப்படியே நிற்கிறது. 2010ஆம் ஆண்டு, அமெரிக்காவின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்தில் நடந்த பெரும்போட்டியின் கடைசிக் குழியில், டஸ்டின் ஜான்சன் பார்வையாளர்கள் மிதித்துக் கலைத்த ஒரு மணல் திட்டில் நின்று மட்டையைத் தரையில் ஊன்றினார். அது பங்கர் என்று அவருக்குத் தோன்றவில்லை. அங்கே மணல் உள்ள அந்த இடங்களெல்லாம் பங்கரே என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். இரண்டு அடி தண்டம் விழுந்தது. வெற்றியை முடிவு செய்யும் கூடுதல் ஆட்டத்தில் இடம்பெறும் வாய்ப்பை அவர் இழந்தார். ஒரு சொல்லின் பொருள் தெரியாததற்கு இவ்வளவு விலை கொடுத்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. தமிழில் இதை ‘மணற்குழி’ என்று எழுதினால் போதும். விடியற்காலையில் நீங்கள் வாரி விட்டபின் வரிவரியாகத் தெரிகிறதே, அந்த மணல் கலைந்தே கிடந்திருந்தால் ஜான்சனைப் போல இன்னும் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் என்பதை உங்கள் மேலாளரிடம் சொல்லலாம்.

கேள்வி: பாரிஸில் இருக்கும் என் மருமகன் யாழ்ப்பாணத்தவர். சிறு வயதில் ‘நாங்கள் பங்கர் வெட்டினோம்’ என்று சொல்கிறார். ‘கட்டினோம்’ என்றுதானே சொல்ல வேண்டும்? நான் திருத்தியபோது அவர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டார். (வாசகி ஒருவர், காத்ர் போர்ன்)

பதில்: அம்மா, உங்கள் மருமகன் சொன்னதே சரி. கிணறு வெட்டுவது, குளம் வெட்டுவது போல அங்கே பங்கரும் வெட்டப்பட்டது. ஹிட்லர் தம் கடைசி நாள்களைக் கழித்து 1945 ஏப்ரல் 30இல் உயிர்விட்ட பெர்லின் பங்கரையும், அல்பேனியாவில் அன்வர் ஹோஜாவின் ஆட்சியில் நாடெங்கும் முளைத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் கூடுகளையும் ‘கட்டினார்கள்’ என்று சொல்லலாம். அவை அரசு சிமெண்டு கொட்டிச் செய்தவை. ஈழத்தில் வீட்டு முற்றத்தில் மண்வெட்டியும் அலவாங்கும் (கடப்பாரையும்) கொண்டு குடும்பமே இறங்கி வெட்டியது வேறு. ஆள் உட்காரும் ஆழத்துக்கு மண்ணைப் பறித்து, மேலே பனங்குற்றிகளையோ தென்னங்குற்றிகளையோ நெருக்கி அடுக்கி, அவற்றின்மேல் மண்மூட்டைகளை ஏற்றுவார்கள். விமானச் சத்தம் கேட்டதும் ஓடி இறங்க ஒரு வாசல் இருக்கும். மழைக்காலத்தில் அதற்குள் தண்ணீர் நிற்கும். பாம்பும் தேளும் முன்னமே குடியிருக்கும். இறங்காமலும் இருக்க முடியாது. 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வன்னியில் சாக்குக் கிடைக்காதபோது, பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்தார்கள் என்பது அங்கிருந்து மீண்டவர்கள் பலரும் சொன்ன செய்தி.

இதனால்தான் அந்தத் தமிழில் பங்கர் என்பது அகராதிச் சொல்லாக இல்லாமல் அடுக்களை, கிணற்றடி, வீட்டுக்கோடி போல வீட்டின் ஒரு பகுதியின் பெயராகிவிட்டது. பதுங்குகுழி என்ற அழகான சொல்லும் அவர்களிடம் உண்டு. அதைச் செய்தியிலும் எழுத்திலும் ஆள்வார்கள். குழந்தையை அழைத்துக்கொண்டு ஓடும்போது வாயில் வந்தது ‘பங்கர்’ என்ற நான்கெழுத்துச் சொல்தான். நம் தீவில் நாம் பதுங்க நேர்வது புயலுக்கு மட்டுமே. 1960ஆம் ஆண்டு கரோல் புயலுக்குப் பிறகு வீட்டையே கான்கிரீட்டில் கட்டப் பழகிக்கொண்டதால், ‘கட்டினோம்’ என்ற வினை நமக்கு எளிதாக வருகிறது. அடுத்த முறை அழைக்கும்போது, அவர் வீட்டுப் பங்கர் முற்றத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 2025 ஜூனில் ஈரான் மீது போட்ட குண்டுகளைப் ‘பங்கர் பஸ்டர்’ என்றார்கள். ‘பதுங்குகுழி உடைப்பான்’ எனலாமா? (மாணவர் ஒருவர், வக்வா)

பதில்: தாராளமாகச் சொல்லலாம், இங்கே பதுங்குகுழி பொருந்துகிறது. வழக்கமான குண்டு தரையைத் தொட்டவுடன் வெடிக்கும். இது கடினமான எஃகு உறையின் எடையாலும் வேகத்தாலும் மண்ணையும் பாறையையும் துளைத்து உள்ளே போய், சற்றுத் தாமதித்து வெடிக்கும். ஜூன் 22ஆம் நாள் அமெரிக்கா போட்டவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 13,600 கிலோ எடையுள்ளவை. 1991 வளைகுடாப் போரின்போது இவ்வகைக் குண்டு ஒன்றை அவசரமாகச் செய்ய வேண்டி வந்ததால், கழித்துப் போட்டிருந்த பழைய பீரங்கிக் குழல்களை வெட்டி உறையாக்கினார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டுக்குப் போனபோது எல்லோரும் ‘பெட்ரோல் பங்க்’ என்றார்கள். அதுவும் பங்கரும் ஒன்றா? அமெரிக்காவில் பங்கர் ஹில் என்று ஒரு போர் நடந்ததே, அது? (வாசகர் ஒருவர், போர்ட் லூயிஸ்)

பதில்: ரயிலிலும் கப்பலிலும் உள்ள படுக்கைத் தட்டைக் குறிக்கும் ‘பங்க்’, பங்கர் என்பதன் வால் நறுக்கிய வடிவமாக இருக்கலாம் என்பது அகராதிகளின் ஊகம். தென்னிந்திய ஆங்கிலத்தில் அதே பங்க் பெட்டிக்கடைக்கும் பெட்ரோல் நிலையத்துக்கும் பெயராக வழங்குகிறது. ‘பங்க் கடை’ என்பது தமிழாகவே ஆகிவிட்டது. பெட்டியில் தொடங்கிய சொல் பெட்டிக்கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சிதான்.

பங்கர் ஹில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. 1775 ஜூன் 17இல் அந்தப் போர் நடந்த இடத்துக்கு, அங்கே முன்னர் நிலம் வைத்திருந்த ஒருவரின் குடும்பப் பெயர் வழங்கியது. சண்டையின் பெரும்பகுதி நடந்தது பக்கத்துக் குன்றில். அந்தக் குடும்பப் பெயர் பழைய பிரெஞ்சில் ‘நல்ல இதயம்’ எனப் பொருள்படும் ‘போன் கேர்’ என்பதன் திரிபு என்கிறார்கள். பிரெஞ்சு அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நியூயார்க் பக்கத்து மீனவர்கள் தூண்டில் இரையாகப் பயன்படுத்தும் ஒரு மீனுக்கும் பங்கர் என்று பெயர் உண்டு. அது டச்சுக்காரர்கள் விட்டுச் சென்ற வேறொரு சொல்லின் சுருக்கம்.

கேள்வி: ‘பங்கர்’ என்று எழுதுவதா, ‘பங்க்கர்’ என்று எழுதுவதா? (அதே மயேபூர் ஆசிரியை)

பதில்: ‘டேங்கர்’ என்பதில் நடுவே ஒரு ‘க்’ சேர்ப்பதில்லை அல்லவா? அதேபோல் ‘பங்கர்’ என்றே எழுதுங்கள். பிள்ளைகள் முதலில் ‘சங்கர்’ போலப் படிப்பார்கள். ஒருமுறை திருத்தினால் பிடித்துக்கொள்வார்கள்.